இத்தனை துப்பாக்கி இருந்தும்

எங்கள் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் வயதானவர்கள் தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. அப்படி இருப்பவர்களைக் குறிவைத்து நடந்த கொலை, கொள்ளைச் செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுத்தான். "ஏனுங்க, ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கறதுன்னா என்னங்க பண்ணோணும்?" கலெக்டர் ஆபீசில் சில வருஷங்கள் ஆயுத லைசென்ஸ் கோப்புகளைப் பார்த்தவன் நான் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். அதனால் கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள், இழவு வீட்டிலும் கேட்கிறார்கள்.

கேட்டால் வழி சொல்லிவிடுவேன். மனு, போட்டோ, போலீஸ் அறிக்கை, சுடப் பயிற்சி பெற்ற சான்று, பிறகு காத்திருப்பு. சொல்லி முடித்த கையோடு மேயோ பிரபுவின் கதையையும் ஆரம்பிப்பேன். பாதிப் பேர் பந்திக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவார்கள். எனவே இங்கே எழுதி வைக்கிறேன்.

1872 பிப்ரவரி 8. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் வந்து இறங்கிய நாள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858-ல், அங்கே கைதிகளைக் கொண்டுபோய் இறக்க ஆரம்பித்திருந்தார்கள். நாம் சினிமாவில் பார்த்த செல்லுலார் ஜெயில் அப்போது கிடையாது. அது 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த கட்டடம். மேயோ வந்த காலத்தில் கைதிகள் தீவு தீவாகத் திறந்த வெளியில்தான் இருந்தார்கள். மரம் வெட்டினார்கள், ரோடு போட்டார்கள், ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் சின்னச் சின்னத் தொழிலும் செய்தார்கள். இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று நேரில் பார்க்கத்தான் வைஸ்ராய், பர்மாப் பயணத்தை முடித்துக்கொண்டு 'கிளாஸ்கோ' என்ற போர்க்கப்பலில் மனைவியோடு வந்தார்.

அவர் வந்த சமயமும் சாதாரணச் சமயம் இல்லை. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, கல்கத்தாவில் தலைமை நீதிபதி பொறுப்பில் இருந்த நார்மன் என்பவரைக் கோர்ட்டுப் படியிலேயே ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றிருந்தான். ஆகவே அதிகாரிகள் பயந்துதான் இருந்தார்கள். வைஸ்ராய் கால் வைக்கும் இடமெல்லாம் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு போலீஸ். முன்னால் போலீஸ், பின்னால் போலீஸ், இரண்டு பக்கமும் போலீஸ். ஹண்டர் என்கிற அதிகாரி 1875-ல் மேயோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதில் அந்த ஒரு நாளை மணிக்கணக்காக விவரித்திருக்கிறார். ஹண்டர் மேயோவிடம் பக்தியே வைத்திருந்தவர், கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஏற்பாடுகளைப் பற்றி அவர் எழுதியதில் சந்தேகப்பட இடமில்லை.

அன்று பகலில் ராஸ் தீவைப் பார்த்தார்கள். வைப்பர் தீவுக்குப் போனார்கள். படுபயங்கரமான கைதிகள் இருந்த இடம் அது. அங்கே காவல் இன்னும் கெடுபிடி. பிறகு சாத்தம் தீவின் மரம் அறுக்கும் மில். ஆபத்தான இடங்கள் எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் முடிந்துவிட்டன. சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்க்கரையில் ஹாரியட் மலை. அங்கே காற்று நன்றாக இருக்கும், நோயாளிகளுக்கு ஒரு ஓய்வு இல்லம் கட்டலாமா பார்க்கலாம் என்று வைஸ்ராய்க்குத் தோன்றியது. மலையடிவாரத்தில் ஹோப் டவுன் என்ற சிறு குடியிருப்பு. அங்கே இருந்தவர்கள் நன்னடத்தைக் கைதிகளும் உடம்பு சரியில்லாதவர்களும். அதனால் யாருக்கும் பெரிய கவலை இல்லை.

(பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கடலும் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அது இந்த ஹாரியட் மலையிலிருந்து தெரிகிற காட்சிதான். நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற பிறகு போனபோது எங்கள் டிரைவர் நோட்டைக் கையில் பிடித்துக்காட்டி விளக்கினார். அவர் பூர்வீகம் ராமநாதபுரம். இப்போது மலையின் பெயரை மணிப்பூர் மலை என்று மாற்றிவிட்டார்கள்.)

மேயோ ஆஜானுபாகுவான ஆள். மலை ஏறக் குதிரைக்குட்டி ஒன்று இருந்தது. அதை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு நடந்தே ஏறினார். மேலே உட்கார்ந்து கடலில் சூரியன் இறங்குவதை ஆசை தீரப் பார்த்தார். இறங்கும்போது இருட்டிவிட்டது. கீழேயிருந்து தீவட்டிக்காரர்கள் எதிர்கொண்டு வந்தார்கள். படகுத்துறையில் நீராவிப் படகு தயார். கப்பலில் மேயோவின் மனைவியும் விருந்தினர்களும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். மணி ஏழு. துறைக்கு வந்ததும் தீவுகளின் தலைமை அதிகாரி ஸ்டூவர்ட், மறுநாள் காலை வேலைக்கு ஏதோ உத்தரவு சொல்ல ஓரடி ஒதுங்கினார். வைஸ்ராய் படியில் இறங்க வேகமாக முன்னால் போனார். அவ்வளவுதான் இடைவெளி.

கல் குவியல் பக்கத்திலிருந்து ஒருவன் பாய்ந்தான். முதுகில் இரண்டு குத்து. சமையல் கத்தி.

சுற்றிலும் இருந்தவர்கள் ஒரு டஜன் பேர் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். தள்ளுமுள்ளில் தீவட்டிகள் அணைந்தன. வைஸ்ராய் துறையிலிருந்து முழங்கால் ஆழத் தண்ணீரில் விழுந்து, தானே எழுந்து நின்று, தன்னைக் குத்திவிட்டார்கள் என்று செயலாளரிடம் சொன்னார். துறையில் கிடந்த ஒரு வண்டியில் உட்கார வைத்தார்கள். கப்பலுக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது.

குத்தியவன் பெயர் ஷேர் அலி. அஃப்ரிதி பட்டாணியன். பெஷாவர் பக்கம் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் குதிரைப் போலீஸ் ஆர்டர்லியாக நல்ல பெயரோடு வேலை பார்த்தவன். குடும்பப் பகையில் உறவினன் ஒருவனைக் கொன்றதாக 1867-ல் தூக்குத் தண்டனை, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்து அந்தமான். அங்கே நடத்தை நன்றாக இருந்ததால் சவரத் தொழில் செய்ய விட்டிருந்தார்கள். பெரிய வெள்ளைக்காரர் ஒருவரைக் கொல்வது என்று வெகு காலமாக மனதில் வைத்திருந்தான். அன்று காலை கப்பலின் மரியாதைக் குண்டுகள் முழங்கியபோதே கத்தியைத் தீட்டிவிட்டான். பகலில் தோது கிடைக்கவில்லை. மலை ஏறும்போது காட்டுக்குள் கூடவே ஏறினான். இறங்கும்போது கூடவே இறங்கினான். ஒரு மாதத்தில், மார்ச் 11 அன்று, வைப்பர் தீவில் அவனைத் தூக்கிலிட்டார்கள். செங்கல்லால் கட்டிய அந்தத் தூக்குமேடை இன்னும் இருக்கிறது. யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டதற்குக் கடவுள் உத்தரவு என்றுதான் கடைசிவரை சொன்னான்.

மேயோ போனபின் தற்காலிக வைஸ்ராயாகச் சில மாதம் இருந்தவர் நம் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு. இது உப தகவல்.

இந்தக் கதையில் நான் கவனித்த விஷயம் ஒன்றுதான். அங்கே துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு துப்பாக்கியும் சுடவில்லை. சுட்டிருந்தாலும் குத்து விழுந்த பிறகுதான் சுட்டிருக்கும். காவலுக்கு நிற்பவன் நாள் முழுக்க விழிப்பாக இருக்க வேண்டும். அடிக்க வந்தவனுக்கு அந்த ஒரு நொடி போதும், அந்த நொடி எது என்று தீர்மானிப்பவனும் அவனே. ஷேர் அலி காலையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தோற்றான். மாலை ஏழு மணிக்கு ஜெயித்தான்.

புனாவில் 1897-ல் நடந்ததும் அதே மாதிரி. பிளேக் ஒழிக்கிறேன் என்று வீடு வீடாகச் சோல்ஜர்களை அனுப்பி ஜனங்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ராண்ட் என்ற அதிகாரி, ஜூன் 22 ராத்திரி விக்டோரியா ராணியின் வைர விழா விருந்து முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தார். சாபேகர் சகோதரர்கள் பின்பக்கமாக வண்டியில் தொற்றி ஏறிச் சுட்டார்கள். பின்னால் இன்னொரு வண்டியில் வந்தவர் அயர்ஸ்ட் என்ற ராணுவ அதிகாரி. அவர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். ராண்ட் ஜூலை 3 வரை ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் சுட்ட கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டர் ஆஷ் ஒரு ஜில்லாவையே கையில் வைத்திருந்தவர். ரயில் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தபோது அவர் வெறும் பிரயாணி.

வாஞ்சியையும் சாபேகர்களையும் நாம் தியாகிகள் என்கிறோம். அதில் எனக்கு மாறுபாடில்லை. இங்கே பேச்சு, சுடப்பட்டவர்களுக்கு அவர்களுடைய பலம் எவ்வளவு உபயோகப்பட்டது என்பது மட்டும்தான்.

கூடவே இருப்பவனே திரும்பினால் என்ன செய்வது? அது இன்னொரு சங்கடம். 1984 அக்டோபர் 31 காலை, இந்திரா காந்தி சப்தர்ஜங் ரோடு வீட்டிலிருந்து தோட்டத்து வழியாகப் பக்கத்து ஆபீசுக்கு நடந்து போனபோது அவரைச் சுட்டவர்கள் வெளியாட்கள் இல்லை. ஒருவன் கையில் ரிவால்வர், ஒருவன் கையில் ஸ்டென் கன். இரண்டும் அவரைக் காப்பதற்காகச் சர்க்கார் கொடுத்தவை. நம் தீரன் சின்னமலை கதையும் அதுதானே. சண்டையில் அவரை நெருங்க முடியாமல் கம்பெனிப் படை திணறியது. கடைசியில் சமையல்காரன் காட்டிக் கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் பிடித்தார்கள் என்பது நாம் சின்ன வயசிலிருந்து கேட்டு வந்த வழக்கு. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கு. ஆடிப் பதினெட்டுக்கு இன்றும் கூட்டம் சேர்கிறது.

வைஸ்ராய்க்கும் பிரதம மந்திரிக்கும் எதிரிகள் உண்டு, நமக்கு யார் இருக்கிறார்கள், நமக்கு வருகிறவன் திருடன்தானே என்று கேட்பீர்கள். சரி, கோப்புகளுக்கு வருகிறேன்.

நான் பார்த்த லைசென்ஸ்களில் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்த ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள். பேங்க் வாட்ச்மேனாகப் போகும் மாஜி ராணுவத்தார் கொஞ்சம் பேர். மலையோரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து வாங்கியவர்கள் சிலர். மீதி, மனசு விட்டுச் சொன்னால், கௌரவத்துக்கு. பைல் மேல் பைலாகப் புதுப்பித்தல் மனுக்கள் வரும். 'உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு' என்று காரணம் போட்டிருக்கும். அந்தப் பாதுகாப்புக்காக ஒருமுறை எடுத்துச் சுட்டேன், தப்பித்தேன் என்று எழுதிய ஒரு மனுவை என் மேஜையில் நான் பார்த்ததில்லை.

காரணம் மர்மம் ஒன்றுமில்லை. துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். பேரப்பிள்ளைகள் வருகிற வீடு, பூட்டாமல் முடியாது. தோட்டாவை வேறு இடத்தில் வைக்க வேண்டும். பீரோச் சாவி வீட்டு அம்மாவின் இடுப்பில். ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குரைக்கிறது. எழுபத்தைந்து வயது மனிதர் கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, லைட்டைப் போட்டு, பீரோவைத் திறந்து, தோட்டாவை எடுத்து, குழலை மடக்கிப் போட வேண்டும். நாய் குரைத்ததுமே வெளியே வந்து பார்ப்பவர்தான் நம்மூர் மனிதர். திண்ணை ஓரத்தில் மறைந்து நிற்பவனுக்கு அதுதான் தேவை. வெளியே வரவழைப்பதற்காகவே மோட்டாரை நிறுத்துகிறவனும் உண்டு, மாட்டை அவிழ்த்து விடுகிறவனும் உண்டு.

ஒரு ரைஸ் மில்காரர் கதை மறக்காது. அவர் பெயரும் ஊரும் வேண்டாம். குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்த ராத்திரி வீட்டில் புகுந்து நகையோடு துப்பாக்கியையும் கொண்டு போய்விட்டார்கள். நகை போனது ஒரு கவலை. துப்பாக்கி போனது நூறு கவலை. அது எங்கே போகுமோ, யாரைச் சுடுமோ, சுட்டால் நம்பர் தன் பெயரில்தானே இருக்கிறது என்று மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். போதாக்குறைக்கு, பத்திரமாக வைக்கவில்லை, லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று எங்கள் ஆபீசிலிருந்தே நோட்டீஸ். "துப்பாக்கி என்னைக் காப்பாத்துமுன்னு வாங்கினனுங்க. அதைக் காப்பாத்த இன்னொரு துப்பாக்கி வாங்கியிருக்கோணும் போலிருக்குதுங்க" என்றார்.

தேர்தல் வந்தால் இன்னொரு கூத்து. அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிகிறவரை அது அங்கேதான். ஒரு பெரியவர் ரசீதை வாங்கிக்கொண்டே, "ஏனுங் சார், எலெக்‌ஷன் தேதி திருடனுக்கும் தெரியுமுங்களே?" என்று கேட்டார். எங்கள் சூப்பரிண்டெண்ட் பதில் சொல்லாமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

சட்டத்தின் கதையும் வேடிக்கையானது. மெக்காலே நகல் எழுதிய 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரை பதினொரு பிரிவுகளில் தற்காப்பு உரிமையைத் தாராளமாகவே கொடுத்தது. இந்த தேசத்து ஜனங்கள் அடிக்கிறவனை எதிர்த்து நிற்காமல் அடங்கிப் போகிறார்கள், அவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் ஊட்ட வேண்டும் என்பது மெக்காலே குழுவின் எண்ணம். பதினெட்டு வருஷம் கழித்து, 1878-ல், லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்து அதே ஜனங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைக்கக் கூடாது என்றார். வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. குடகர்களுக்கும் ஏற்கெனவே விலக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸே இந்தச் சட்டத்தை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆட்சி செய்பவனுக்கு ஒரு சட்டம், ஆளப்படுபவனுக்கு ஒரு சட்டம் என்றால் யாருக்கும் பொறுக்காது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டத்தில் அந்த நிற பேதம் போயிற்று, லைசென்ஸ் முறை மட்டும் நின்றது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைக்கலாம், 2019-லிருந்து இரண்டுதான்.

தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. எண்தான் மாறியிருக்கிறது. ஆபத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது அப்போதும் இப்போதும் நிபந்தனை. கையில் துப்பாக்கி இருந்தால் அந்த அளவை இருட்டில் எடை போட வேண்டியவர் நீங்கள்தான். ஓடுகிறவனை முதுகில் சுட்டால், சுட்டவர்தான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

போலீஸ் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் காவல் முறை இருந்தது. ஊருக்கும் வழிக்கும் காவல்காரர் உண்டு, குடிகள் அதற்குக் கூலி கொடுத்தார்கள். திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். அதிலும் மிரட்டல், அடாவடி எல்லாம் இருந்தது, அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி அதைக் கலைத்தது. 1859-ல் சென்னை ராஜதானிக்குப் போலீஸ் சட்டம் வந்தது. தலையாரி மட்டும் மிச்சம். ஆனால் சாளைகளுக்குக் காவலாக இருந்தது காவல்காரரோ தலையாரியோ மட்டும் இல்லை. என் தாத்தாவின் சாளையில் கிணற்று மேட்டில் கவலை இறைக்க விடியற்காலை மூன்று மணிக்கே ஆள் இருக்கும். பண்ணையாள் குடும்பம் ஒன்று பட்டிக்குப் பக்கத்தில். அத்தையோ சித்தப்பாவோ ஒருவர் எப்போதும் திண்ணையில். வேலியோரம் புது ஆள் நடந்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து "யாரது?" என்று குரல் வரும். கரண்ட் மோட்டார் வந்து கவலை போயிற்று. பண்ணையாட்களின் பிள்ளைகள் படித்து பனியன் கம்பெனிக்குப் போனார்கள், போகட்டும், அது நல்லதுதான். நம் பிள்ளைகளும் போனார்கள். பத்து ஏக்கருக்கு நடுவில் இப்போது இரண்டு பேர், ஒரு டி.வி., ஒரு நாய்.

துப்பாக்கிக்கு மனு எழுதித் தரச் சொன்னால் இன்றும் எழுதித் தருகிறேன். யாரையும் தடுக்க எனக்கு உரிமையில்லை, பயம் அவரவருடையது. எழுதும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்பேன். இன்று ராத்திரி உங்கள் சாளையில் வாசல் லைட் எரியவில்லையென்றால், நாளைக் காலை முதலில் யாருக்குத் தெரியும்? மகனுக்கு போன் போகும் என்கிறார்கள். மகன் டல்லாஸில் இருக்கிறான். போன மாதம் வந்த ஒரு அம்மா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பால் எடுக்கற சொசைட்டிப் பையன் அஞ்சரைக்கு வருவானுங்க. அவனுக்குத் தெரியுமுங்க" என்றார்.